சென்னியப்பனுக்கு ஒரு சுடுநீர்த் தொட்டி

செப்டம்பர் 3, புதன்

இந்த நோட்டில் என்னென்ன வரப்போகிறது என்பதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். கல்லூரியில் காலமெல்லாம் இயற்பியல் நடத்தியவனுக்கு வேறு விதமாகத் தொடங்க வராது.

1. வீட்டுக்குச் சுடுநீர்த் தொட்டி எதற்கு.
2. எந்தத் தொட்டி, எங்கே வைப்பது.
3. மயிலாத்தாள் அந்தக் காலையை மறந்துவிட்டாள். அவள் பழிவாங்கத் தெரியாதவள். ஆகவே அவளிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.
4. தீபாவளியன்று சென்னியப்பனைத் தொட்டியருகில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும், அவன் சொன்னதையே அவனுக்குத் திருப்பிச் சொல்வது.
5. அதன் பிறகு தண்ணீரைப் பராமரிக்கும் முறை.

முதலாவதை இன்றே எழுதி முடித்துவிடுகிறேன். சென்னியப்பன் என் மனைவி மயிலாத்தாளின் தம்பி. குன்னூரில் தேயிலை ஃபேக்டரி வைத்திருக்கிறான். பங்களாவின் பின்பக்கம் கண்ணாடி அறை கட்டி, அதில் ஹாட் டப் ஒன்றும் வைத்திருக்கிறான். போன மாசியில் அவனுடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மறுநாள் காலைக் குளிரில் மயிலாத்தாளுக்கு இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. கண்ணாடி அறையில் அவன் மனைவி இந்திராணியும், அவனுடைய திருப்பூர்ச் சம்பந்தியம்மாவும், இன்னும் இரண்டு மூன்று பேரும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து சுடுதண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தார்கள். மயிலாத்தாளும் சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். பின்னால் அவளுடைய துண்டோடு நான்.

சென்னியப்பன் கையை நீட்டித் தடுத்தான். "அக்கா, நீ காலுக்குத் தைலம் பூசிருக்கறே. தண்ணி கெட்டுப் போயிரும். பின்னாடி டிரைவருங்க குளிக்கற ரூம் இருக்குது. அங்க ஒரு பக்கெட் சுடுதண்ணி வெக்கச் சொல்றேன், போ."

சம்பந்தியம்மா சிரித்தார். மயிலாத்தாளும் சிரித்துக்கொண்டே, அதுவும் சரிதான் என்று திரும்பி, அந்தப் பக்கெட்டைத் தேடிப் பின்பக்கம் போய்விட்டாள். ஊருக்கு வரும் வழியில் பர்லியாறில் காரை நிறுத்தச் சொல்லிப் பழம் வாங்கினாள். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்று வரையிலும் பேசவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை தம்பிக்குப் போன் செய்கிறாள்.

எனக்கோ அந்தச் சிரிப்புச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. எழுபத்து நான்கு வயதில் ஒருவன் முதல் தடவையாகப் பழிவாங்கத் தொடங்குவது முறைதானா என்று தெரியவில்லை. ஆனால் தொடங்கிவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

பேச்சை எடுத்தேன். மயிலாத்தாள் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே முழங்கால் வலியைப் பற்றி என் காதில் விழும்படி அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள். அதையே காரணமாக வைத்து, சுடுதண்ணீரில் உட்கார்ந்தால் மூட்டுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாரே, ஒரு தொட்டி வாங்கிப் போடலாமா என்றேன். இந்தக் கோயமுத்தூர் வெயிலில் அதெல்லாம் எதற்கு என்பாள் என்று எதிர்பார்த்து, ஆறு பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"எப்ப வரும்?" என்றாள்.

விலை என்ன என்றுகூடக் கேட்கவில்லை. என் ஆறு பதில்களும் வீணாயின. தீபாவளிக்குள் வந்துவிடும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் நார் எடுக்கத் தொடங்கினாள்.

பாவம், வலி அவ்வளவு இருந்திருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவிநாசி ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளர் ஆன்டோ என்ற இளைஞர், பொறுமைசாலி. தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி உட்கார்ந்து பாருங்கள் என்றார். நான் வேட்டியோடும் மயிலாத்தாள் பட்டுச் சேலையோடும் எதிரெதிரே உட்கார்ந்தோம். கடைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உடனே எழுந்துவிட வேண்டும் போலிருந்தது. மயிலாத்தாள் சாவகாசமாகக் கையை விளிம்பின் மேல் நீட்டிப் பார்த்தாள்.

மோட்டார், ஹீட்டர், வடிகட்டி மூன்றைப் பற்றியும் நான் எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கேட்டேன். மயிலாத்தாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எண்ணெய் பட்டா என்னாகுங்க?"

எண்ணெய், தைலம், சீயக்காய் எதுவுமே கூடாது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்றார் ஆன்டோ. சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமாம்.

"கொஞ்சூண்டு பட்டாக்கூடங்களா?"

"தலைக்கு வெக்கற எண்ணெய்கூட ஆகாதும்மா."

"செரி," என்றாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இனி முழங்காலுக்குத் தைலம் பூச முடியாதே என்று நான்தான் வருந்தினேன்.

செப்டம்பர் 10, புதன்

நேற்று சரியாகத் தூங்கவில்லை. ஆன்டோ சொன்னதை வைத்துப் பார்த்தால் சென்னியப்பன் சொன்னது நியாயம்தானோ? தைலம் பூசிய காலைத் தொட்டியில் விடக் கூடாது என்பது விதி. விதியைச் சொன்னவன் மேல் கோபப்படுவது எப்படிச் சரியாகும்? எல்லாவற்றையும் ரத்து செய்துவிடலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன்.

காபி குடித்த பிறகு தெளிவு வந்தது. விதி தைலத்தைப் பற்றியது. டிரைவர்கள் குளிக்கும் அறை எந்த விதியிலும் இல்லை. கூடப் பிறந்தவளுக்கு ஒரு வெந்நீர்ப் பாத்திரத்தை ஹாலிலேயே கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருக்கலாம். சம்பந்தி பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னான். இதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமில்லை என்று எழுதும்போதே கொஞ்சம் வருகிறது. இருந்தாலும் முன்பணம் கட்டிவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

வைக்கும் இடம் பற்றி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டி, தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்த்தால் ஒரு இளம் யானையின் எடை வருகிறது. ஆகவே மாடி ஆகாது. தரைத்தளத்தில் வீட்டின் பின்பக்கம், கொய்யா மரத்தடியில், மறைவாக வைக்கலாம் என்று படம் வரைந்து காட்டினேன்.

மயிலாத்தாள் படத்தைத் திருப்பி வைத்தாள். பக்கவாட்டு வராந்தாவில்தான் வைக்க வேண்டுமாம், ஹாலில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

"வாங்கறத வாங்கிப்போட்டு ஒளிச்சு வெப்பாங்களா?"

என் திட்டத்துக்கும் வராந்தாதான் வசதி. நான் எதுவும் சொல்லாமலே காரியம் எனக்குச் சாதகமாக அமைந்துவிட்டது. வாழ்நாளில் இப்படி நடப்பது அபூர்வம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மயிலாத்தாள் போனில் சென்னியப்பனைத் தீபாவளிக்கு அழைத்தாள். நானே அழைக்கலாம் என்று இரண்டு வாரமாக வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவன் பேசியதும் கேட்டது. கோயமுத்தூரில் ஹாட் டப்பா, மச்சானுக்கு மூளை குழம்பிவிட்டதா என்று சிரித்தான். "உள்ளார உக்காந்தா இட்லியாட்ட வெந்துருவீங்கொ ரெண்டு பேரும்," என்றான். மயிலாத்தாளும் சேர்ந்து சிரித்தாள். அம்மா போன பிறகு நீ என் கையால் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டதே இல்லையே, வா சாமி என்று கெஞ்சினாள். கடைசியில், சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

அதே சம்பந்தியம்மாவை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. இப்படிக் கள்ளமில்லாத ஒருத்தியின் அழைப்பை நான் என் கோபத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஒத்திகை. கார் நிற்கும் கொட்டகைக்குப் போய், கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். "மாப்பிள்ளை, தண்ணி கெட்டுப் போயிரும்." முதல் தடவை மன்னிப்புக் கேட்பது போல வந்தது. இரண்டாம் தடவை, பின் பெஞ்சு மாணவனை எழுப்பிக் கேள்வி கேட்பது போல. மூன்றாம் தடவை குரல் உடைந்து கீச்சென்றது. வீட்டு வேலைக்கு வரும் பொன்னாத்தா எட்டிப் பார்த்து, யாருங்கய்யா உள்ளே என்றாள். கார் என்றேன்.

செப்டம்பர் 29, திங்கள்

மயிலாத்தாள் பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொடுத்தாள். எதற்கு என்றேன். தொண்டைக்கு என்றாள். எனக்குத் தொண்டைக் கோளாறு எதுவுமில்லை.

அக்டோபர் 4, சனி

தொட்டி வந்தது. கேட்டுக்குள் நுழையவில்லை. நான் அளந்தது கேட்டின் அகலத்தை. கீல் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதை அளக்கவில்லை. கேட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. எட்டுப் பேர் தூக்கினார்கள். எதிர் வீட்டுக்காரர் வந்து மீன் வளர்க்கப் போகிறீர்களா என்றார்.

அக்டோபர் 6, திங்கள்

மழை. எலக்ட்ரீஷியன் வரவில்லை. பழிவாங்கும் வேலை அப்படியே நிற்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

தனி வயரிங், எர்த் எல்லாம் முடிந்தது. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், ஹீட்டரில் படிந்துவிடும். ஆகவே குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர்தான் என்று முடிவு செய்தேன். நல்லதண்ணீர் வருகிற நாளில் எல்லாம் மற்ற வேலைகளை நிறுத்தித் தொட்டிக்கே விட்டோம். துணிகள் குவிந்துவிட்டன. மயிலாத்தாள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. வழக்கமாக, ஒரு குடம் நான் வீணடித்தால் ஒரு பொழுது பேசுவாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

நிரம்பியது. சூடு ஏறியது. பொத்தானை அழுத்தினால் நான்கு பக்கமும் நுரைத்துக்கொண்டு கொதிப்பது போல வருகிறது. நானே கொஞ்சம் பின்வாங்கிவிட்டேன். முதலில் நீ இறங்கு என்றேன் மயிலாத்தாளிடம். உனக்காகத்தானே வாங்கியது என்றேன்.

"தீபாவளி முடியட்டுங்க," என்றாள்.

விரலை விட்டுச் சூடு மட்டும் பார்த்தாள். பிறகு மூடியைப் போட்டு மூடிவிட்டாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

பின்பக்கம் பொன்னாத்தா குளிக்கும் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தான். மயிலாத்தாள்தான் வரச்சொன்னாளாம். புதுப் பக்கெட்டும் சொம்பும்கூட வாங்கி வைத்திருக்கிறாள். பொன்னாத்தாவுக்கு இவ்வளவு செய்கிறவளுக்கு முன்னால் என் மனம் எவ்வளவு குறுகியது என்று பட்டது.

அக்டோபர் 16, வியாழன்

செக்கிலிருந்து நல்லெண்ணெய் வந்தது. ஒரு பெரிய கேன் நிறைய. இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.

"தீபாவளியல்லங்க?" என்றாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

சாயங்காலம் சென்னியப்பனும் இந்திராணியும் வந்தார்கள். திருப்பூர்ச் சம்பந்தி வீட்டார் இருட்டிய பிறகு வந்தார்கள். சென்னியப்பன் மூடியைத் திறந்து, குனிந்து, தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தான். அவனுடையதை விட இது பெரியது. அதைக் கவனித்துவிட்டான் என்பதை அவன் பேசாமல் இருந்ததிலிருந்து தெரிந்துகொண்டேன். பிறகு என் தோளில் தட்டினான்.

"பரவால்லீங்க மச்சா. நாளைக்கு மொதல்ல நான் எறங்கித் தொறந்து வெச்சர்றேன். கை ராசி."

தன் வீட்டுத் தொட்டியில் யார் இறங்கலாம் என்று அவன் சொல்வான். என் வீட்டுத் தொட்டியில் யார் முதலில் இறங்குவது என்பதையும் அவன்தான் சொல்வான். எனக்கே வியப்பாக இருந்தது. இவ்வளவு கோபம் எனக்குள் எங்கே இருந்தது?

படுக்கப் போகும் முன் மயிலாத்தாள் என்னிடம் சொன்னாள்: "நாளைக்கு நீங்க ஒன்னும் பேசிறாதீங்க. துண்ட மட்டும் புடிச்சுட்டு நில்லுங்க."

குன்னூரில் அறுபதாம் கல்யாணத்தன்று நான் அந்தச் சம்பந்தியோடு மின்கட்டணம் பற்றி வாதம் செய்தேன். அதை மனதில் வைத்துச் சொல்கிறாள் போலிருக்கிறது. சரி என்றேன். மனதுக்குள், ஒரு வாக்கியம் மட்டும் பேசுவேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

வெளிச்சம் வரத் தொடங்கியபோது எல்லோரும் ஹாலில் கூடிவிட்டார்கள். தெருவில் சரவெடி. வராந்தாவில் தொட்டி மூடி திறந்து, ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் மணையைப் போட்டு, சென்னியப்பனை முதலில் உட்காரச் சொன்னாள். அவன் அரைக்கால் சட்டையோடு, தோளில் துண்டோடு வந்து உட்கார்ந்தான். உச்சியில் மூன்று சொட்டு எண்ணெய் வைத்து வாழ்த்தினாள். வழக்கமாக அதோடு எழுந்து அவரவர் தேய்த்துக்கொள்வார்கள். அவன் எழப்போனான். தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

கிண்ணத்தில் இருந்ததை அப்படியே தலையில் ஊற்றினாள். பிறகு கேனிலிருந்து இன்னொரு கிண்ணம். தலை, காது மடல், கழுத்து, தோள், முதுகு, கை என்று ஒன்றையும் விடவில்லை. முழங்கால் வலியோடு குனிந்து குனிந்து தேய்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அம்மா தேச்ச மாதிரியே இருக்குதுக்கா," என்றான்.

அந்த நொடியில் எனக்குள்ளிருந்த பழியுணர்ச்சி கரைந்துபோனது. இப்படி ஒரு அக்காளையும் தம்பியையும் பார்த்த பிறகு எந்த மனுஷன் அந்த வாக்கியத்தைச் சொல்வான்? சம்பந்தியம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு பாசத்தை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும் என்று இந்திராணியிடம் சொன்னார். இந்திராணி அவன் முழங்கையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசிக்கிறவள் அவள்.

சென்னியப்பன் எழுந்தான். உடம்பெல்லாம் மின்னியது. எல்லோரையும் பார்த்து, வாங்க வாங்க என்பது போலக் கையை ஆட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய், தொட்டியின் படியில் ஒரு காலை வைத்தான். நான் துண்டோடு பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தேனா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. திறந்திருந்தாலும் அதிலிருந்து எதுவும் வரவில்லை.

மயிலாத்தாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எண்ணெய் தேச்சிருக்கறே தம்பி. தண்ணி கெட்டுப் போயிரும்."

அவன் காலைப் படியிலேயே வைத்துக்கொண்டு சிரித்தான். விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பான்.

"பின்னாடி பொன்னாத்தா குளிக்கற ரூம் இருக்குது. ஒரு பக்கெட் சுடுதண்ணி வெச்சிருக்கறேன், போ."

அவன் சிரிப்பு நின்றது. அக்காளின் முகத்தையே பார்த்தான். அவள் புன்னகைத்துக்கொண்டுதான் இருந்தாள். அப்போது சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. அவருக்கு யார் அவமானப்பட்டாலும் சிரிப்பு வரும் போலிருக்கிறது. அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

"அக்கா," என்றான் சென்னியப்பன்.

"போ சாமி. ஆறிப் போயிரும்."

காலை எடுத்தான். ஹாலைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, எண்ணெய் சொட்டச் சொட்டப் பின்பக்கம் போனான். ஒருவரும் அவனைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்ப்பதற்கு மிகவும் சிரமப்பட்டார்கள். பிறகு சொம்பால் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எவ்வளவு நேரம் கேட்டாலும் எனக்குச் சலித்திருக்காது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

சாப்பாட்டில் ஒரு குறையுமில்லை. மயிலாத்தாள் தம்பியின் இலைக்கு நெய்யை இரண்டு தரம் ஊற்றினாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். கொண்டுவந்த சீரைத் தட்டில் வைத்துக் கொடுத்தான். அவள் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள். மதியமே கிளம்பிவிட்டார்கள்.

கேட்டருகில் அவன் என்னைத் தனியாக நிறுத்தினான்.

"மச்சா, இது நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட வேண்டுமென்று அடக்க முடியாத ஆசை வந்தது. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இருக்காது. உங்களால ஆவாது," என்றான். காரில் ஏறிக்கொண்டான்.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் மயிலாத்தாள் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினாள். தோள் வரை தண்ணீர். முழங்கால்கள் மேலே மிதந்து வந்தன. கையால் தள்ளி உள்ளே உட்கார வைத்தாள். நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, வடிகட்டியைப் பற்றி ஆரம்பித்து, மெதுவாக அந்த விஷயத்துக்கு வந்தேன். எப்போது தோன்றியது என்று கேட்டேன்.

"அன்னிக்கு அந்தப் பக்கெட்டப் பாத்த ஒடனேயே," என்றாள். "ஆனா டப்பு வேணுமல்லங்க? நானே கேட்டா உங்களுக்குச் சந்தேகம் வரும். அதான் கால் வலிக்குது, கால் வலிக்குதுன்னு சொல்லிட்டிருந்தேன். உங்களுக்கு வெளங்கறதுக்கு ஆறு மாசம் ஆயிப்போச்சு."

கொட்டகையில் நான் செய்த ஒத்திகையையும் பொன்னாத்தா அன்றே சொல்லிவிட்டாளாம். உங்க குரலுக்கு அது சரிப்படாதுங்க என்றாள், ஆறுதலாக.

தம்பி இனி வர மாட்டானே, வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். பொங்கலுக்கு வருவான், வந்துதான் ஆக வேண்டும், சீர் கொடுக்கிற கடமை அவனுக்கு என்றாள். பிறகு முகத்தில் ஒரு கை தண்ணீரை விட்டுக்கொண்டாள். அது தண்ணீர் மட்டும்தானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

"கணக்குத் தீக்க இன்னும் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

"இந்திராணி இருக்கறா. அன்னிக்கு அவளும் பாத்துட்டுத்தான இருந்தா," என்றாள் கண்ணை மூடிக்கொண்டு.

"அப்பறம்?"

ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நாற்பத்தாறு வருஷக் குடும்பத்தில் நான் சொன்னவை, சொல்லாமல் விட்டவை எல்லாவற்றையும் வேகமாக நினைத்துப் பார்க்க முயன்றேன்; பல நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு வரும் என்று தோன்றியது.

"தண்ணி இதமா இருக்குதுங்க. வந்து எறங்குங்க," என்றாள்.

சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்துவிட்டுத்தான் இறங்கப் போகிறேன். அதற்கு முன்னால் உள்ளே வந்து இதை மட்டும் எழுதிவிடுகிறேன்: முதல் நாள் வரிசையில் மூன்றாவதாக, மயிலாத்தாள் பழிவாங்கத் தெரியாதவள் என்று எழுதியது தவறு.